பெட்டியில் உறங்கும் ஆற்காட்டு ரூபாய்

காஞ்சிபுரத்துப் பழைய பட்டுப் புடவையை விலைக்கு வாங்குவோர் புடவையை விலை பேசுவதில்லை. அதன் ஜரிகையில் உள்ள வெள்ளியையே விலை பேசுகின்றனர். முறையான காஞ்சி ஜரிகையில் நூற்றுக்கு 40 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு தங்கமும் இருத்தல் வேண்டும் என்பது கணக்கு. எஞ்சியவை செம்பும் பட்டு நூலும் ஆகும். ஜரிகையை எரித்துச் சாம்பலை அலசினால் வெள்ளி நிற்கும். நெய்தவரின் கைத்திறன் புகையாய்ப் போகும்.

நம் இல்லங்களில் கிடக்கும் பழங்காசுகளுக்கும் பெரும்பாலும் இதே கதிதான் நேர்கிறது. பாட்டனார் காலத்து மரப்பெட்டியின் அடியிலோ, பாட்டியார் துணியில் முடிந்து வைத்த முடிச்சிலோ நான்கைந்து வெள்ளிக் காசுகள் இருக்கும். அவசரச் செலவு வந்ததும் அவை நகைக்கடைத் தராசில் ஏறும். எடைக்கு எடை பணம் கிடைக்கும். பின்னர் மூசையில் உருகும். அக்காசில் யாருடைய பெயர் இருந்தது, எந்த ஊரில் அடிக்கப்பட்டது, ஒன்றுபோல் தோன்றிய இரண்டு காசுகளில் ஏன் ஒன்றில் மட்டும் ஒரு புள்ளி கூடுதலாய் இருந்தது என்பவற்றை எவரும் பார்த்திருக்க மாட்டார்.

அன்பிற்குரிய வாசகச் சகோதர சகோதரியரே! ஒரு காசு உருகினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். மதுரை சுல்தான்களை நினைத்துப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் மதுரையில் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சி நடைபெற்றது. அதனைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர் உலகம் சுற்றிய இப்னு பதூதா. அவர் மதுரையில் இருந்த காலத்துச் செய்திகளை அவருடைய பயண நூல் கூறுகிறது. அவர் புறப்பட்டுச் சென்ற பின்னர் யார் யார் ஆண்டனர் என்பதற்கோ காசுகளே தலையாய சான்று. கடைசி சுல்தான் ஸிக்கந்தர் ஷாவின் பெயரில் ஹிஜ்ரி 779 வரை காசு கிடைத்திருப்பதால்தான் அவ்வாட்சி 1377-78 வரை நீடித்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுத முடிந்தது. அந்தச் சிறு காசுகளை எவரேனும் பாத்திரமாய் வார்த்திருந்தால் அந்த ஆண்டுகளும் வரலாற்றிலிருந்து மறைந்திருக்கும்.

மறைந்த பாதுஷாவின் பெயரில்

காஞ்சிக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றங்கரையில் உள்ளது ஆற்காடு. கர்நாடக நவாபுகளின் தலைநகரான அவ்வூரில், டில்லிப் பேரரசரின் பெயரால் வெள்ளி ரூபாய் அடிக்கும் அக்கசாலை இருந்தது. அந்த ரூபாய்க்கு வணிகரிடையே இருந்த மதிப்பைக் கண்ட ஐரோப்பியக் கம்பெனியார், தாமும் ஆற்காட்டின் பெயரிலேயே ரூபாய் அடிக்க விழைந்தனர். 1736-இல் நவாப் தோஸ்த் அலீ கானிடம் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடிக்கத் தொடங்கினர். 1742-இல் ஆங்கிலேயருக்கும் சென்னையில் அடிக்கும் உரிமை கிட்டியது.

ஆக, மூன்று இடங்களில் அடிக்கப்பட்ட ரூபாய்கள் அனைத்தும் ‘ஸர்ப் ஆர்காட்’, அதாவது ‘ஆற்காட்டில் அடிக்கப்பட்டது’ என்றே கூறும்! எது எங்கே பிறந்தது என்று எவ்வாறு அறிவது? எழுத்துகளுக்கிடையே உள்ள சிறு குறியைத் தேட வேண்டும். பிறை இருந்தால் புதுச்சேரி. தாமரை இருந்தால் சென்னை. பெரிய எழுத்தில் உள்ளதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். சிறிய குறிதான் உண்மையைச் சொல்லும்.

இந்த ஆராய்ச்சியில் நம் பிள்ளைகளுக்கு மற்றவர்க்கில்லாத ஒரு வசதி உண்டு. மதரஸாவில் அரபு எழுத்து பயின்ற பத்து வயதுச் சிறுவன், பாரசீக மொழி அறியாவிடினும், அக்காசின் எழுத்துகளைக் கூட்டிப் பார்க்க இயலும். எண்களோ இன்னும் எளியவை. நேர்கோடு ஒன்று, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்றது ஏழு, அதனைக் கவிழ்த்தாற்போல் இருப்பது எட்டு, வெறும் புள்ளியே பூஜ்யம். ஒரு புறம் ‘ஸிக்கா முபாரக்’ என்ற சொற்களும் பாதுஷாவின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். மறுபுறம் ‘ஜுலூஸ்’ என்ற சொல்லுடன் அவர் அரியணை ஏறிய எத்தனையாவது ஆண்டு என்பதும் ஊர்ப் பெயரும் இருக்கும்.

சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாய்கள் பலவற்றை இவ்வாறு படித்தால் ஒரு விந்தை புலப்படும். பெயர் இரண்டாம் ஆலம்கீருடையது. ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. இது 1758-59-ஐக் குறிக்கும். ஆனால் அக்காசு 1807-க்குப் பின்னர் இயந்திரத்தில் அடிக்கப்பட்டதாக இருக்கலாம்! ஆலம்கீர் 1759-இல் கொல்லப்பட்டார். அவர் மண்ணுக்குள் சென்று அரை நூற்றாண்டு ஆன பின்பும் சென்னைக் கம்பெனியார் அதே பெயரையும் அதே ஆண்டையும் அச்சில் வெட்டிக்கொண்டிருந்தனர். இதனைப் பிழை என்று கருதிவிட வேண்டாம். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அக்காலச் சராபுகள் காசின் ஆண்டைப் பார்த்து, பழையதாயின் வட்டம் பிடித்துக் குறைத்தே எடுப்பர். ஆண்டையே மாற்றாமல் நிறுத்திவிட்டால் எது புதிது, எது பழையது என்று எவர் கூற முடியும்? வங்காளத்திலும் கம்பெனியார் 19-ஆம் ஆட்சியாண்டை இவ்வாறே நிலைநிறுத்தினர்.

இங்கே ஒன்று கூற வேண்டும். பாரசீக எழுத்து இருப்பதனாலேயே அதனைக் கலிமா என்று கருதித் தாயத்தாய்க் கட்டுவோரும், கழுவிய நீரைப் பருகக் கொடுப்போரும் உண்டு. அக்பர், ஷாஜஹான் காலத்து ரூபாய்களில் கலிமா இருந்தது உண்மை. ஆனால் ஔரங்கசீப் ஆட்சிக்கு வந்ததும், கண்ட கைகளிலும் இடங்களிலும் புழங்கும் காசில் திருக்கலிமா இருத்தல் தகாது என்று நீக்கிவிட்டார். ஆற்காட்டு ரூபாயில் நீங்கள் காண்பது ஒரு பேரரசரின் பெயரும் ஓர் ஊரின் பெயருமே.

1807-இல் சென்னையில் இயந்திர அக்கசாலை இயங்கத் தொடங்கியபோது அடித்த சில காசுகள் மிகவும் சுவையானவை. வெள்ளிக்குத் தட்டுப்பாடு இருந்ததோ, அவசரமோ, கப்பலில் வந்த ஸ்பானிய டாலர்களை முற்றிலும் உருக்காமல் அவற்றின்மீதே இரட்டை ரூபாயையும் அரை வராகனையும் அடித்தனர். நன்றாக ஒளியில் சாய்த்துப் பார்த்தால், பாரசீக எழுத்துக்கடியில் ஸ்பெயின் அரசனின் முகக்கோடோ, பழைய எழுத்தின் ஒரு காலோ நிழலாய்த் தெரிவதுண்டு. அந்த அரை வராகனில் ஒரு புறம் கோபுரமும், சுற்றிலும் நட்சத்திரங்களும், ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பும் இருக்கும். மறுபுறம் திருமால் உருவமும், தமிழ், தெலுங்கு எழுத்துகளும் இருக்கும். ஒரே காசில் நான்கு மொழிகள்! கோபுரத்தின் நிலைகளும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் அச்சுக்கு அச்சு மாறுபடும். சேகரிப்பவர்கள் அவற்றை ஒவ்வொன்றாய் எண்ணிப் பிரிக்கின்றனர். கோயில் நகரமான காஞ்சியில் வாழ்வோர்க்குக் கோபுர நிலையை எண்ணக் கற்றுத்தரவா வேண்டும்? சென்னை அக்கசாலை 1869-இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

எது பிழை, எது பிழையன்று

கையால் அடித்த காசு வேறு. இயந்திரத்தில் அடித்த காசு வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவர்களே பெரிதும் ஏமாறுகின்றனர். பழைய ஆற்காட்டு ரூபாயைக் கையால் அடித்தபோது, எடை பார்த்து வெட்டிய வெள்ளி வில்லையை அடியச்சின்மேல் வைத்து, மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். அச்சு வில்லையைவிடப் பெரியது. ஆகவே எழுத்தில் ஒரு பகுதிதான் காசில் விழும். ஊர்ப் பெயர் பாதி ஓடிப்போயிருக்கும். இதனை ‘அச்சுப் பிழை’ என்று கூறி எவரேனும் கூடுதல் விலை கேட்டால் நகைத்துவிட்டு நகருங்கள். அக்காலக் காசின் இயல்பே அதுதான். மாறாக, ஆண்டும் குறியும் ஊர்ப் பெயரும் முழுமையாய் விழுந்த காசுக்குத்தான் மதிப்பு மிகுதி.

இயந்திரக் காசில் நிலைமை தலைகீழ். அங்கே ஒழுங்கே இயல்பு. ஒழுங்கு தவறுவது அரிது. தவறு மூன்று இடங்களில் நேரலாம்: வில்லையில், அச்சில், அடியில். தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது முன் வெட்டிய துளையின்மீது மறுபடி வெட்டு விழுந்தால், பிறைபோல் ஓரம் கடிபட்ட காசு பிறக்கும். எவரேனும் அரத்தால் ராவி இதனைப் போலியாய்ச் செய்திருக்கலாமே? செய்கின்றனர். உண்மையான கடியாயின், அதற்கு நேரெதிர் விளிம்பு பெரும்பாலும் மழுங்கி இருக்கும். ராவியதாயின் எதிர் விளிம்பு திடமாகவே இருக்கும்.

அச்சு என்பது எஃகு. ஆயிரக்கணக்கில் அடித்தால் எஃகும் வெடிக்கும். வெடிப்பில் உலோகம் புகுவதால் காசில் மேடான கோடு விழும். பெட்டியில் உரசிக் கீறியதாயின் கோடு பள்ளமாய் இருக்கும். மேடு அச்சில் பிறந்தது. பள்ளம் பெரும்பாலும் பின்னால் வந்தது. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினாலே பாதி ஐயங்கள் தீரும்.

அடியில் நேரும் பிழைகளே கண்ணைக் கவருபவை. வில்லை நழுவினால் உருவம் ஓரமாய் விழுந்து ஒரு பக்கம் வெறுமையாய் நிற்கும். அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் ஒரு புறம் சரியான உருவமும் மறுபுறம் அதே உருவம் உட்குழிந்து இடவலமாகவும் பதியும். இரண்டு அச்சுகளில் ஒன்று திரும்பிவிட்டால், புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல் காசைப் புரட்டும்போது பின்புறம் சாய்ந்து தெரியும். உங்கள் கைப்பையில் உள்ள இன்றைய காசுகளையே இவ்வாறு புரட்டிப் பாருங்கள். நேராய் நிற்பதே முறை. அப்போதே ஆண்டின் கீழ் உள்ள குறியையும் பாருங்கள். வைர வடிவமாயின் மும்பை, நட்சத்திரமாயின் ஹைதராபாத், புள்ளியாயின் நொய்டா, குறியே இல்லையெனில் கொல்கத்தா.

பிழை ஒருபுறம் இருக்க, அச்சு வேறுபாடு என்பது தனிக் கல்வி. 1862-இல் தொடங்கிய விக்டோரியா ரூபாயில் 1874 வரை ‘1862’ என்ற ஆண்டையே பொறித்தனர். ஆனால் பின்புறத்தில் ஆங்காங்கே புள்ளிகளை இட்டு அச்சுகளை வேறுபடுத்தினர். புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டு, ஒரே ஆண்டைத் தாங்கிய அந்த ரூபாயைச் சேகரிப்பாளர்கள் பல வகைகளாகப் பிரித்துள்ளனர். பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் போதும், பெரும்பணம் தேவையில்லை.

யானையா, பன்றியா?

அச்சு வெட்டியவரின் கைத்தவறு நாட்டையே கலக்கிய கதையும் உண்டு. அது நம் சமுதாயத்தோடு தொடர்புடையது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் வெளிவந்தது. மன்னரின் ஆடையில் ஒரு சிறு யானை உருவம் உண்டு. அதன் துதிக்கையைக் குறுக்கி வெட்டிவிட்டனர். வெளிவந்த காசில் அது யானையாய்த் தெரியவில்லை, பன்றியாகவே தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். பன்றி உருவம் தாங்கிய காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழுகைக்கு எவ்வாறு செல்வது? அரசு பணிந்தது. அடித்திருந்த ஏறத்தாழ 94 இலட்சம் ரூபாய்களில் 7 இலட்சம் அளவே புழக்கத்திற்குச் சென்றிருந்தன, மற்றவை உருக்கப்பட்டன. 1912 முதல் துதிக்கை தெளிவாய் நீண்ட புதிய அச்சு வந்தது.

உங்கள் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருப்பின் ஆண்டைப் பாருங்கள். 1911 எனில் பூதக்கண்ணாடியில் அவ்வுருவத்தை நோக்குங்கள். 1912-க்குப் பிந்திய காசு ஒன்றை அருகில் வைத்தால் வேறுபாடு பளிச்சென விளங்கும். அதற்காக வீடு வாங்கிவிடலாம் என்று கனவு காண வேண்டாம். 7 இலட்சம் என்பது சிறு தொகையன்று. இன்றும் காசு வணிகரிடம் அது கிடைக்கத்தான் செய்கிறது. ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு ரூபாயே உண்மையில் அரியது. அதனாலேயே 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கும் கைவேலையும் பெருகிற்று. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடத்தைப் போல் இயல்பாய் உள்ளதா என்று பார்க்காமல் 1939-ஐ வாங்கலாகாது.

இலட்சம் தருவதாய்க் கூறுவோர்

‘இந்தக் காசு உங்களிடம் இருந்தால் பத்து இலட்சம்’ என்னும் விளம்பரங்கள் கைப்பேசிகளில் உலவுகின்றன. வைஷ்ணவி தேவி படம் உள்ள காசு, 786 எண் கொண்ட நோட்டு என்று பட்டியல் நீளும். ஆசைப்பட்டுத் தொடர்புகொண்டால், வாங்குவதாய்ச் சொன்னவர் முதலில் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார். பிறகு ‘வரி’ கேட்பார். கட்டிய பணம் போனது போனதுதான். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் அவ்வங்கி தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் எச்சரிக்கை வெளியிட்டது.

இன்னொரு கூட்டத்தார் 1818 என்று ஆண்டு பொறித்த செப்புக் காசைக் காட்டி, ‘கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு, அரிசியை இழுக்கும்’ என்பர். ஒரு புறம் தெய்வ உருவம் இருக்கும். சிலவற்றில் புனிதத் தலங்களின் வடிவமும் இருக்கும். கம்பெனி அத்தகைய காசை ஒருபோதும் வெளியிட்டதில்லை. பிற்காலத்தில் எவரோ வார்த்த வில்லைகள் அவை. செம்பு அரிசியை இழுக்காது.

வேறுபாட்டை அறியாததால் ஏழைகள் நட்டமடைந்த வேறொரு வகையும் நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. பத்து ரூபாய்க் காசில் சிலவற்றில் பத்துக் கதிர்கள், சிலவற்றில் பதினைந்து. சிலவற்றில் ரூபாய்க் குறி உண்டு, சிலவற்றில் இல்லை. 2011-இல்தான் அக்குறி காசில் இடம்பெற்றது என்பதை அறியாதவர்கள், குறி இல்லாததைப் போலி என்று பரப்பினர். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கடைகளிலும் பேருந்துகளிலும் பத்து ரூபாய்க் காசையே வாங்க மறுத்தனர். பூ விற்கும் மூதாட்டி பகலெல்லாம் சேர்த்த காசை யாரிடம் மாற்றுவாள்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவுபடுத்த நேர்ந்தது.

பேணும் முறை

நம் இல்லத்தரசியர்க்கு ஒரு வேண்டுகோள். பழங்காசு கறுத்திருக்கிறதே என்று புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம். பித்தளைக் குடத்திற்கு அது அழகு. காசுக்கு அதுவே கேடு. கறுப்பு என்பது வெள்ளியின் மேல் காலம் போர்த்திய போர்வை. அதனைத் தேய்த்தால் அச்சின் நுண்கோடுகளும் உடன் தேயும். காசு வணிகர் ஒரு நோக்கிலேயே கண்டு விலையைக் குறைத்துவிடுவார். காசுமாலைக்கென்று வளையம் பற்றவைத்த காசும் அவ்வாறே. விரல் நுனியால் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனியே காகித உறையில் இட்டு, எவரிடமிருந்து வந்தது, எந்த ஊரில் கிடைத்தது என்பதை உறைமேல் எழுதிவையுங்கள். அவ்விவரத்தைப் பிற்காலத்தில் எந்த வல்லுநரும் காசைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது.

விற்கத்தான் வேண்டும் என்னும் நிலை வந்தால், முதலில் நிறுத்துப் பாருங்கள். 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடையுள்ளது. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940 முதல் வந்தவற்றில் வெள்ளி பாதிதான். 1947-ஆம் ஆண்டு ரூபாயோ நிக்கல். காந்தம் பற்றினால் வெள்ளியன்று. நகைக்கடைக்குச் செல்லுமுன் காசு வணிகர் இருவரிடமேனும் காட்டுங்கள். ஒருவர் சொல்லோடு நின்றுவிட வேண்டாம்.

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ ஏர் உழும்போதோ கலயத்தில் காசு கிடைத்தால் நிலைமை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். கலயத்தை உடைத்துப் பங்கிட்டுக்கொள்வது குற்றம். கலயத்தோடு, கிடைத்த கிடையிலேயே ஒப்படைத்தால், எந்தக் காசு எந்தக் காசோடு புழங்கியது என்பதையும் ஆய்வாளர்கள் அறிந்துகொள்வர். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் இவ்வாறு வந்து சேர்ந்த புதையல் காசுகள் உள்ளன. சென்னை செல்லும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, ‘ஸர்ப்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.